உட்கார்ந்தால் காசு

ஊருக்குத் திரும்பி நாலு நாள் ஆகிறது. அம்மா இன்னும் போனைக் கீழே வைக்கவில்லை. பெரியம்மா, சின்ன அத்தை, பால்காரர், எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வருகிற அக்கா என்று ஒருத்தர் பாக்கியில்லை. ரோம் நகரம் முழுக்க ஒரு வரியில் முடிந்துவிடும். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அதெல்லாம் கிடக்கட்டும், அங்க போய் இவரு பண்ணுனதைக் கேளு" என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம். அந்த நேரம் பார்த்து அப்பா மோட்டார் போட எழுந்து போய்விடுகிறார். நாலு நாளாக எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டே இருக்கிறது.

அம்மாவின் கதையில் முக்கால்வாசி கலப்படம். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எல்லாம் அப்பாவின் முட்டியில் தொடங்கியது. 34 வருஷம் திருச்சி முசிறி ரூட்டில் நின்றே வந்த முட்டி. கண்டக்டருக்கு என்று ஒரு சீட் உண்டுதான். ஆனால் அதில் எப்போதும் ஒரு பிள்ளைத்தாய்ச்சியோ, குணசீலம் போகிற பாட்டியோ, யாருடையது என்று தெரியாத ஒரு வாழைத்தாரோ உட்கார்ந்திருக்கும். ரிட்டயர் ஆனபோது செட்டில்மென்ட் பணம் வர ஒன்றரை வருஷம் ஆனது. முட்டிவலி மறுநாளே வந்துவிட்டது.

அப்படிப்பட்ட மனிதரை என் வீட்டுக்காரர் ரோமுக்குக் கூட்டிப்போய், முதல் நாளே 22,000 அடி நடக்க வைத்தார். கையில் கட்டியிருந்த வாட்ச் சொன்ன கணக்கு இது. தார் ரோடாக இருந்தால்கூடப் பரவாயில்லை. பழைய ரோம் முழுக்கக் கறுப்புக் கல்லைக் கட்டிகட்டியாக வெட்டிப் பதித்து வைத்திருக்கிறார்கள். மேலே பார்த்தால் கோபுரம் அழகாகத் தெரியும், கீழே பார்க்காவிட்டால் கணுக்கால் போய்விடும். நாங்கள் மூன்று பேர் கோபுரத்தைப் பார்த்தோம். அப்பா கல்லைப் பார்த்தார், இல்லாவிட்டால் உட்கார இடம் பார்த்தார்.

ஸ்பானியப் படிக்கட்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். 135 படி. முந்நூறு வருஷத்துப் பழசு. அகலமாக, வழவழவென்று, ஊரே உட்காரலாம்போல இருந்தது. மலைக்கோட்டைக்காரருக்குப் படிக்கட்டு என்றால் பாதி ஏறுவதற்கு, பாதி உட்காருவதற்கு. அப்பா ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு, "முருகா" என்று பாதி உடம்பை இறக்கினார். பீப்ப்! எங்கிருந்தோ விசில். போலீஸ்காரர் கையை மேலும் கீழும் ஆட்டி எழுந்திருக்கச் சொல்கிறார். 2019லிருந்து அந்தப் படியில் உட்காரக்கூடாதாம், மீறினால் அபராதமாம். அப்பா எழுந்து நின்று படிக்கட்டை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "அப்ப எதுக்குக் கட்டுனானாம்?"

சரி, காபிக் கடையில் உட்காரலாம் என்று போனால், சுவரில் விலைப்பட்டியல் இரண்டு பத்தியாக இருந்தது. ஒன்று பாங்கோ, இன்னொன்று தாவோலோ. பாங்கோ என்றால் மேடை ஓரமாக நின்று குடிப்பது, தாவோலோ என்றால் மேசையில் உட்கார்ந்து குடிப்பது. நின்றால் 1.30 யூரோ. அதே காபி, அதே கப், நாலடி தள்ளி நாற்காலியில் வைத்துக் குடித்தால் 5 யூரோ. அப்பா மனசுக்குள் கணக்குப் போட்டார். ஸ்டேஜ் ஸ்டேஜாகக் கட்டணம் பிரித்துப் பழகின மூளை. "மூணு யூரோ எழுபது பைசா நாற்காலிக்கு மட்டுமா? முந்நூறு ரூவாய்க்கு நான் அந்த நாற்காலியையே வாங்கிட்டுப் போயிருவேன்" என்று நின்றபடியே குடித்தார். குடிப்பதற்கும் அதில் ஒன்றுமில்லை. இரண்டு மடக்கு. வாயில் பட்டது, முடிந்தது. அம்மா கப்பைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

திரெவி நீரூற்றின் விளிம்பில் இன்னொரு விசில். ஃபோரம் என்கிற பழைய ரோமானியச் சதுக்கத்து இடிபாடுகளில், விழுந்துகிடந்த ஒரு தூணில் இன்னொன்று. அந்தத் தூண் விழுந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகியிருக்கும். அப்பா உட்கார்ந்ததாலா விழுந்தது? மூன்றாவது விசிலில் அவருக்குக் கோபம் போய் ஒரு தொழில் ரசனை வந்துவிட்டது. "இவன் விசில் சுத்தமில்ல. காத்துல போகுது" என்றார்.

கொலோசியத்தில் மட்டும்தான் மனிதர் கொஞ்சம் மனம் இளகினார். கி.பி. 80இல் திறந்துவைத்த வட்டரங்கம். சுமார் 50,000 பேர் உட்கார்ந்து பார்த்த இடம் என்று என் வீட்டுக்காரர் போனைப் பார்த்துப் படித்ததும், "எங்க, எங்க?" என்று கேட்டார். சீட்டெல்லாம் எப்போதோ பெயர்ந்து, பளிங்கை எல்லாம் வேறு கட்டடத்துக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு ஓரத்தில் நாலு வரிசை மாதிரிக்கு வைத்திருக்கிறார்கள், அதிலும் உட்கார முடியாது. ஆனால் வெளியே வளைவுகளின் மேல் வாசல் நம்பர் செதுக்கியிருக்கிறது. ஒரு பக்கம் இன்னும் வாசிக்கிற மாதிரி நிற்கிறது. எந்த வாசலில் யார் நுழைய வேண்டும், செனட்டர் கீழே, சாதாரண ஆள் மேலே, பொம்பளைகள் எல்லோருக்கும் மேலே உச்சியில் என்று எல்லாம் முறை. அப்பா அந்த நம்பர்களை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். "அம்பதாயிரம் பேரை ஏத்தி இறக்கியிருக்கான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல தீபாவளிக்கு முதல் நாள் இப்படி ஒரு நம்பர் போட்டிருந்தா எனக்கு எத்தனை சட்டை கிழிஞ்சிருக்காது" என்றார். அம்மாவுக்கு அந்த உச்சி விஷயம் பிடிக்கவில்லை. "அவ்வளவு படி ஏறுறவளுக்குத்தான் முட்டி போகும்."

தண்ணீர் விஷயத்தில் அம்மாவுக்கு ரோம் மேல் புகாரே கிடையாது. தெருவுக்குத் தெரு ஒரு குட்டை இரும்புக் குழாய், ராப்பகலாக ஊற்றுகிறது, நல்ல தண்ணீர், இலவசம். மூக்கு மாதிரி வளைந்திருப்பதால் நஸோனே என்று பேர். ஊர் முழுக்கச் சுமார் 2,500 இருக்கிறதாம். கீழே வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வளைந்து எழும்பும், குனியாமல் குடிக்கலாம். அம்மா முதல் தடவை அடைத்தபோது பின்னால் நின்ற ஜப்பான்காரர் முழுக்க நனைந்தார். அதற்குப் பிறகு பார்க்கிற குழாயில் எல்லாம் பாட்டில் பிடிப்பதே அவள் வேலை. "மூடாம விட்டுட்டுப் போறானுங்க" என்ற கவலை வேறு. மூடுவதற்கு அதில் திருகே கிடையாது.

ராத்திரி சாப்பாடு. அப்பா ஏழு மணிக்குச் சாப்பிடுகிறவர். அங்கே நல்ல கடை ஏழரைக்குத்தான் கதவு திறக்கிறது. அந்த அரை மணியும் வாசலில் நின்றோம். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் விட்ட மூச்சில் மேசை நாப்கின் ஒன்று பறந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை, அம்மாவுக்குக் கவுச்சி ஆகாது. அப்பாவுக்குப் பன்றி ஆகாது. அந்த ஊர்ப் பாஸ்தாக்களில் பாதிக்குமேல் பன்றிக் கன்னத்துக் கொழுப்பு. மிஞ்சியது காச்சோ எ பெப்பே. பாலாடைக்கட்டி, மிளகு, பாஸ்தா வேகவைத்த தண்ணீர், அவ்வளவுதான். அம்மா ஒரு நூலை உருவி வாயில் போட்டு, கண்ணை மூடி யோசித்து, தீர்ப்புச் சொன்னாள். "பொங்கல்தான். நெய்யும் முந்திரியும் போட மறந்துட்டான்."

இங்கேதான் என் வீட்டுக்காரர் வாயைக் கொடுத்தார். "மாமா, இந்த மிளகே நம்ம பக்கத்துலேர்ந்து வந்ததுதான். ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி முசிறித் துறைமுகத்துல யவனர் கப்பல்ல பொன் கொண்டுவந்து கொட்டிட்டு மிளகு ஏத்திட்டுப் போனாங்க. வருஷத்துக்கு அஞ்சு கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்கே போகுதுன்னு பிளினின்னு ஒரு ரோமக்காரர் அப்பவே புலம்பியிருக்கார்."

அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "எந்த முசிறி?"

"சேர நாட்டு முசிறி மாமா. கேரளாக் கடற்கரை."

"முசிறின்னா தொட்டியம் போற வழியில இருக்கிற முசிறிதான். 34 வருஷம் போயிருக்கேன். அங்க கப்பலும் இல்ல, மிளகும் இல்ல. காவேரியில மணல் லாரிதான் நின்னுச்சு."

"அது வேற முசிறி மாமா."

"ஒரு பேருல ரெண்டு ஸ்டாப்பிங் வச்சா டிக்கெட் எப்படிப் போடுறது?"

இந்தச் சண்டை முடிந்தது, சாப்பாடு முடிந்தது, பில் வரவில்லை. அரை மணி. முக்கால் மணி. நம் ஊர் மெஸ்ஸில் ரசத்துக்கு வருவதற்குள் பின்னால் ஒருத்தர் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு மூச்சு விடுவார். இங்கே கேட்காமல் பில் கொடுத்தால் வெளியே போகச் சொல்வதுபோல் ஆகுமாம், மரியாதைக்குறைவாம். நாங்கள் அவர் கொண்டுவருவார் என்று காத்திருக்க, அவர் நாங்கள் கேட்போம் என்று காத்திருக்க, ராத்திரி பத்தாகிவிட்டது. அப்பா மட்டும் முழு மகிழ்ச்சியில் இருந்தார். "அவசரப்படுத்தாதீங்க மாப்ளே. இப்பத்தான் முட்டி மடங்குது."

பில்லில் நாங்கள் கேட்காத ரொட்டிக்குக் காசு போட்டிருந்தது. வாசலில் இலவசமாக ஊற்றுகிற ஊரில் பாட்டில் தண்ணீருக்கும் காசு. அம்மா அந்த ரொட்டியில் மிச்சம் இருந்ததை டிஷ்யூவில் சுற்றிப் பையில் வைத்தாள். "மிளகு நம்மளோடதுன்னா, பாதி பில்லக் கழிக்கச் சொல்லுங்க" என்றார் அப்பா. ஆக, முசிறியைப் பாதி ஒப்புக்கொண்டுவிட்டார்.

இனி அம்மாவின் கதை.

மறுநாள் பஸ்ஸில் போகலாம் என்று முடிவானது. 1.50 யூரோ டிக்கெட், 100 நிமிஷம் செல்லும். புகையிலைக் கடையில் வாங்கிக்கொண்டு, பஸ்ஸுக்குள் ஏறியதும் இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் வெறும் காகிதம். கண்டக்டர் கிடையாது. இதைக் கேட்டதும் அப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு டிக்கெட்டை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். "டிக்கெட் அவங்கவங்க கையில இருக்கணும். செக்கிங் வந்தா குடும்பத் தலைவரைத் தேடிக்கிட்டு நிப்பானா?"

நான் குத்தினேன், அவர் மாப்பிள்ளை குத்தினார், அம்மா இரண்டு தடவை குத்தப் போய் நான் கையைப் பிடித்தேன். அப்பா ஏறும்போதே ஒரு சின்னப் பெண் எழுந்து தன் சீட்டைக் காட்டினாள். ரோமில் சாப்பாட்டுக் கடைக்கு வெளியே அப்பாவுக்கு யாரும் விசில் ஊதாமல் கிடைத்த முதல் இருக்கை. உட்கார்ந்தார். உட்கார்ந்த சுகத்தில் கண்காணிப்பைத் தொடங்கிவிட்டார். ஏறுகிறவர்களில் யார் குத்துகிறார்கள், யார் குத்தவில்லை என்று விரல் மடக்கி எண்ணி, "பதினேழு பேர் வித்தவுட்டு" என்று என்னிடம் முணுமுணுத்தார். அந்த ஊர் வருமானத்துக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார்.

நாலாவது நிறுத்தத்தில் கழுத்தில் அட்டை தொங்க இரண்டு பேர் ஏறினார்கள். அப்பாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "செக்கிங்! எல்லாரும் எடுத்து வையுங்க." தன்னுடையதையும் சட்டைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு விரலிடுக்கில் நீளவாக்கில் பிடித்து, உரிமையோடு நீட்டினார்.

பளிச்சென்று, புதுசாக, ஒரு மசித்துளி இல்லாமல்.

செக்கர் அதைத் திருப்பிப் பார்த்தார். அப்பாவும் எட்டிப் பார்த்தார். பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா மெதுவாகப் பர்ஸைத் திறந்து, லேமினேட் செய்த ஓய்வுபெற்ற ஊழியர் இலவசப் பயண அட்டையை எடுத்து நீட்டினார். ஏன் என்று அவருக்கே தெரியாது. அந்த மனிதர் அதையும் மரியாதையாக இரண்டு பக்கமும் பார்த்தார். கறுப்பு வெள்ளைப் போட்டோவையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார். 54.90 யூரோ. ஐயாயிரம் ரூபாய்க்கு மேல்.

நான் கெஞ்சப் போனேன். அப்பா என்னைத் தடுத்துவிட்டார். "சும்மா இரு. அவன் டூட்டியைப் பாக்குறான்." பாஸ்போர்ட்டில் அப்பா பேரும் தாத்தா பேரும் சேர்ந்து 27 எழுத்து. அந்த ஆள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதி முடிக்க இரண்டு நிறுத்தம் ஆனது. அப்பா பக்கத்திலிருந்து கார்பன் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

அன்று முழுக்க அம்மா சிரித்தாள். ராத்திரி லாட்ஜில் விளக்கை அணைத்த பிறகும், "34 வருஷக் கண்டக்டரு..." என்று இருட்டில் ஒரு குரல் வரும், அப்புறம் கட்டில் குலுங்கும். அப்பா, "அந்தப் பதினேழு பேர்ல ஒருத்தனைக்கூடப் பிடிக்கலையே" என்றார்.

கடைசி நாள் மறுபடி பஸ். காலை நேரம், பாதி காலி. அம்மா பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டினாள். அப்பா உட்காரவில்லை. தன் டிக்கெட்டைக் குத்தி, முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே இடுப்பைச் சீட்டு முதுகில் சாய்த்து நின்றுகொண்டார். கம்பியைப் பிடிக்கவில்லை. கறுப்புக் கல் ரோட்டில் வண்டி தடதடவென்று வளைந்தபோது நாங்கள் எல்லோரும் ஒரு பக்கம் சரிந்தோம். அவர் சரியவில்லை. காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஒரு பையன் ஏறி, நேரே உள்ளே நடந்தான். அப்பா மோதிர விரலால் இயந்திரத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். டக் டக்.

பையன் நின்றான். திரும்பி வந்து, பையைத் துழாவி, டிக்கெட்டை எடுத்துக் குத்திவிட்டுப் போனான்.