கோட்டைக்குள் அரண்மனை மட்டுமா இருக்கிறது?

போன மாதம் மாமி வீட்டு வாசல் கதவைக் கழற்றினார்கள். கன்னியாகுமரி மாவட்டம் பத்மநாபபுரம் கோட்டைக்குள் இருக்கிற பழைய ஓட்டு வீடு, அயனி மரக் கதவு. கீல் கிடையாது, மேலும் கீழும் குடுமி என்கிற மரமுனைதான். கீழ்க் குடுமி கருங்கல் குழியில் உட்கார்ந்து சுழலும். லீவுக்குப் போகும்போதெல்லாம் விடியற்காலையில் மாமி அதைத் திறக்கிற சத்தத்தில்தான் கண் முழிப்பேன். கதவைப் பெயர்த்த பிறகு அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே வழவழவென்று இருந்தது, அடியில் தேங்காயெண்ணெய்ப் பிசுக்கு. பழைய மரச்சாமான் வாங்குகிறவர் நிலையோடு சேர்த்து டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மாமியைக் குறை சொல்ல மாட்டேன். "மழை பெஞ்சா அஞ்சு எடத்துல பாத்திரம் வைக்கணும் மக்ளே, ஓடு மாத்த ஆளும் கிட்டல, என்னால இனி முடியாது" என்றாள். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும், ஓட்டு வீட்டுக்கு வருஷத்தில் இரண்டு சோதனை. அங்கே கான்கிரீட் வீடு வரப்போகிறது.

தக்கலையில் இறங்கி அரண்மனைக்குப் போகிறவர்கள் தாய்க் கொட்டாரத்து (கொட்டாரம் என்றால் அரண்மனை) மர வேலைப்பாட்டையும், சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் போட்டதாகச் சொல்லும் கறுத்த தரையையும் பார்த்துவிட்டு, வந்த வழியே பஸ் ஏறிவிடுகிறார்கள். அரண்மனை சுமார் ஆறரை ஏக்கர்தான். அதைச் சுற்றிய கோட்டை 185 ஏக்கர் வரும், கருங்கல் மதில் மட்டும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். 1795 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தலைநகரம் இது. கொட்டாரத்தில் வேலை பார்த்தவர்கள், கோயில்காரர்கள், ஆசாரிகள் எல்லாம் குடியிருக்காமல் ஒரு தலைநகரம் எப்படி நடந்திருக்கும்? அந்தத் தெருக்களும் குளங்களும் நீலகண்டசுவாமி கோயிலும் இன்றும் இருக்கின்றன, பின்னால் வேளிமலை. பெயருக்கு நகராட்சி, மதிலைத் தாண்டி உள்ளே வந்தால் கிராமம்தான்.

1956 நவம்பர் 1இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே இருக்கிறது. அவர்கள் அதை நன்றாகவே வைத்திருக்கிறார்கள், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் அரண்மனை வேலியைத் தாண்டினால்? மதிலில் அரசமரம் வேர் விட்டுக் கல்லை நெம்பிக்கொண்டிருக்கிறது, தெருவில் ஒவ்வொரு வீடாக இடிகிறது.

2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் பத்மநாபபுரம் அரண்மனை சேர்ந்தது. அதே வருஷம் செட்டிநாடும் சேர்ந்தது, அதுவும் எப்படி என்றால் வணிகர்களின் கிராமத் தொகுதிகள் என்று, ஊர் ஊராக. எனக்கு இதுதான் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கே வீடும் தெருவும் ஊரணியும் சேர்ந்ததுதான் மரபு என்று எடுத்துக்கொள்ள முடிந்தது, இங்கே கொட்டாரம் மட்டும் போதும் என்று விட்டுவிட்டோம்.

நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதி யானை மேல் திருவனந்தபுரம் புறப்படும் நாளில் வந்து பாருங்கள், வேளிமலை குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் கூடப் போவார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக மாமி வீட்டுத் திண்ணையில் ஏறி நின்றுதான் பார்த்தோம். அந்தத் திண்ணையும் சேர்ந்ததுதானே அந்த எழுந்தருளல்?

சரி, என்ன செய்யலாம்? இடிக்கக் கூடாது என்று தடை மட்டும் போட்டால் மாமி மாதிரி ஆட்கள் ஒழுகுகிற கூரைக்கடியில் சிறைப்பட்டுப் போவார்கள், அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓடு மாற்றவும் ஓட்டைத் தாங்கும் கழுக்கோல் மாற்றவும் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டும், மர வேலை தெரிந்த ஆசாரிகள் இருக்கும்போதே அவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். கோட்டை முழுவதையும் ஒரே இடமாக அறிவித்தால்தான் இதற்கெல்லாம் வழி பிறக்கும். இரண்டு மாநில அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம், சுலபமில்லை, தெரியும்.

அதுவரைக்கும் நான் டேப்பும் நோட்டுமாக ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன், இருக்கிற வீடுகளை அளந்து படம் எடுக்க. மூன்று வீடு முடிந்தது. கோட்டைக்குள் உங்கள் தாத்தா, ஆச்சி வீடு இருந்து, பழைய கல்யாண ஆல்பத்தில் அதன் வாசலோ முற்றமோ தெரிகிற படம் கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.