படித்துறையில் தட்டான் எண்ணிய நாள்

ஆவணிக் கடைசி. காலை எட்டரைக்கே அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணிப் படித்துறைக்கு வந்துவிட்டோம். ஒரு தட்டானைக் காணோம். உடம்பு சூடேறாமல் அது எழும்பாது, வெயில் உறைக்க வேண்டும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் சீக்கிரம் போய், மதியத்துக்குக் கட்டிய இட்லியைத் தின்று தீர்ப்பது எங்கள் வழக்கம்.

ஒன்பதரைக்கு எண்ண ஆரம்பித்தோம். கரையோரம் நூறு மீட்டர், அரை மணி நேரம். ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத. உட்காரும்போது சிறகை விரித்து வைத்தால் தட்டான், முதுகின்மேல் மடக்கி வைத்தால் பெரும்பாலும் ஊசித்தட்டான். புல்லில் மஞ்சள் ஊசித்தட்டான்கள், பாறையில் ரோஸ் நிறத்தில் ட்ரிதெமிஸ் அரோரா என்ற தட்டான்.

குளித்துக் கரையேறிய பெரியவர் ஒருவர் நின்றார்.

"என்னடே தேடுதிய?"

"தட்டான எண்ணுதோம் தாத்தா."

"எண்ணி?"

நான் திருதிருவென விழிக்க, அவரே மண்டபத் தூணைக் காட்டினார். "அந்தா, கல்லுல ஒண்ணு இருக்கு. அத எழுதியாச்சா?"

அந்தத் தூணை நான் மூன்று முறை கடந்திருந்தேன்! கிட்டே போனபிறகும் முதலில் தெரிந்தது கல்தான். கருங்கல்லின் அதே சாம்பல், அதே கறுப்புப் புள்ளிகள். நான்கு சிறகையும் கல்லோடு ஒட்டி அழுத்தியிருந்தது. சிறகு நுனியில் வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று ஒரு பொட்டு மட்டும் அதைக் காட்டிக்கொடுத்தது. கிரானைட் கோஸ்ட், அதாவது கருங்கல் பேய். சும்மா வைக்கவில்லை பெயர்.

மதியம், ஊருக்குள் சாக்கடை கலக்கும் ஒரு கால்வாய். மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணினேன். ஆற்றில் கண்டதைவிட எண்ணிக்கை அதிகம், கோடு போட்டு மாளவில்லை. ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே இனம், சிறகில் ஆரஞ்சுத் திட்டு உள்ள டிச் ஜுவல். அதன் குஞ்சுகள் அழுக்குத் தண்ணீரிலும் வளர்ந்துவிடும். மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர், ஆற்றைவிடக் கால்வாய்தான் செழிப்பு என்று எழுதிவிடுவார். எந்த இனம் எத்தனை என்று எண்ணினால்தான் தண்ணீரின் நிலை தெரியும். தாத்தாவின் "எண்ணி?"க்குப் பதில் அப்போதுதான் பிடிபட்டது. சொல்ல அவர் இல்லை.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வயல்மேல் ஒரே மஞ்சள் தட்டான் கூட்டம். மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிற இனம். உட்காரவே மாட்டேன் என்கிறது. தாழப் பறந்தால் மழை என்பார்கள், இவை தலையை உரசிப் பறந்தன. வானத்தில் ஒரு மேகம் இல்லை. இருபதுவரை எண்ணிக் குழம்பி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, பஸ் வந்ததும் "நிறைய" என்று எழுதிவிட்டு ஏறினேன்.