சாடின் டின்னும் வேகாத உருளைக்கிழங்கும்

மகள் பிரசவத்துக்காக வீட்டுக்காரம்மா ஜொகூர் பாருவுக்கு பஸ் ஏறி இன்றோடு ஆறு வாரம். எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடைக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் தினமும் ராத்திரி ரொட்டி சானாய் தின்றால் 56 வயசு வயிறு தாங்குமா? அடுக்களையைத் துழாவினேன். தக்காளிச் சாற்றில் போட்ட சாடின் மீன் நாலைந்து டின், ஒரு பை உருளைக்கிழங்கு. சரி, சமைத்துப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் வாரம் பெரட்டல். நான் பிறந்தது லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அம்மா பால்மரக் காட்டிலிருந்து வந்த கையோடு செய்து வைத்துவிடுகிற குழம்புதானே, இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். குவாலிச் சட்டியில் எண்ணெய், கடுகு, பெரிய வெங்காயம், கறிவேப்பிலை, இரண்டு கரண்டி மீன் மசாலாத்தூள். தூள் வாசம் வந்ததும் டின்னை அப்படியே கவிழ்த்தேன். பச்சைக் கிழங்கை நறுக்கிப் போட்டு, போதாதென்று புளித்தண்ணியும் ஊற்றி மூடிவைத்தேன். அரை மணி நேரம் கழித்துக் கடித்தால் கிழங்கு நறுக்கென்றது. இன்னும் கால் மணி நேரம் விட்டேன். கிழங்குக்குள் கல் அப்படியே இருக்க, மீன்தான் கரைந்து சேறாகிவிட்டது.

போன் போட்டேன். "ஏங்க, புளிப்புல போட்டா கெழங்கு எப்படி வேகும்? மொதல்ல வெறுந்தண்ணில வேக வைங்க" என்றாள். முப்பது வருசமாக உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு இது தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததில் காரணம் பிடிபட்டது. கிழங்கின் செல்களைப் பசை மாதிரி ஒட்டி வைத்திருப்பது பெக்டின். அது சூட்டில் இளகினால்தான் கிழங்கு மெத்தென்று ஆகும். புளிப்பு அதை இளகவிடாது. தக்காளிச் சாறு போதாதென்று புளியையும் ஊற்றிய புண்ணியவான் நான்.

இரண்டாவது தடவை கிழங்கை ஓர் அங்குலச் சதுரமாக வெட்டி உப்புத்தண்ணியில் 12 நிமிடம். கத்தி முனை தானாக இறங்கியதும் வடித்துவிட்டேன். சாறு மட்டும் முதலில் மசாலாவில் கொதித்தது, அதில் கிழங்கு, கடைசி மூன்று நிமிடத்துக்குத்தான் மீன். டின்னை மூடி சீல் வைத்த பிறகு, டின்னோடு சேர்த்து கடுஞ்சூட்டில் வேகவைத்துத்தான் ஆலையிலிருந்து அனுப்புகிறார்கள். நாம் சூடு காட்டினால் போதும். ஒரு மீனைப் பிளந்து நடுமுள்ளைத் தனியே எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். ஈரச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி நொறுங்கியது. இனி முள் பொறுக்கும் வேலை இல்லை. மீன் போட்ட பிறகு கரண்டி தொடக்கூடாது, குவாலியைப் பிடித்து லேசாக ஆட்டினால் சாறு தானாக ஏறிக்கொள்ளும். அன்றைக்குச் சோறு இரண்டு தட்டு இறங்கியது.

எங்கள் வீட்டில் சாடின் என்றாலே கோழி படம் போட்ட ஆயாம் பிராண்ட் டின்தான். 1892இல் சிங்கப்பூரில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்த வியாபாரம். சின்ன வயசில் உள்ளே கோழி இருக்கிறது என்று நம்பி, மீனைப் பார்த்ததும் அழுதிருக்கிறேன். கடையில் சாடின் பக்கத்திலேயே மெக்கரல் டின்னும் அடுக்கியிருப்பார்கள், எழுத்தைப் பார்த்து எடுக்கவேண்டும். மெக்கரல் சதை தடிப்பு. பெரட்டலுக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது வாரம் கிழங்கு முளைக்கிறதே என்று மிச்சத்தை ஐஸ்பெட்டியில் வைத்தேன். சம்பலுக்குப் பொரித்தபோது வெளியே கருகி, உள்ளே இனித்தது. குளிரில் கிழங்கின் மாவு சர்க்கரையாக மாறிவிடுமாம், அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் சீக்கிரம் கறுக்கிறது. இப்போது கிழங்கு சிங்க்குக்குக் கீழே இருட்டில், சாக்குப்பையில்.

கிழங்கை மசித்து உருட்டிப் பொரிக்கிற பெகெடில்தான் ரொம்பப் படுத்தியது. முதல் ஆறு உருண்டையும் எண்ணெயில் பிரிந்து தூளானது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "தண்ணி இருக்கு லா தம்பி, ஆவி போக விட்டியா?" என்று கேட்டார். விடவில்லை. மறுநாள் வடித்த கிழங்கைக் காலிச் சட்டியில் சின்ன நெருப்பில் இரண்டு நிமிடம் புரட்டினேன். ஓரத்தில் வெள்ளை மாவு படிந்ததும் இறக்கி மசித்தேன். மீனைச் சாறு வடிய வைத்துப் பிழிந்து, வறுத்த சின்ன வெங்காயம், வெள்ளை மிளகுத்தூள், நறுக்கிய கொத்தமல்லித் தழையோடு பிசைந்து, நன்றாக ஆறிய பிறகு தட்டினேன். முட்டையில் முக்கி எண்ணெயில் விட்டு, அடிப்பக்கம் சிவக்கும்வரை தொடவே இல்லை. ஒன்பதில் எட்டு முழுசாக வந்தது. நாலை அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். வடித்த சாற்றை வீணாக்காமல் மிளகாய் விழுதில் வதக்கி லிமாவ் எலுமிச்சை பிழிந்து வைத்தேன், காலையில் ரொட்டிக்கு ஆயிற்று.

ஒரு டின் பாக்கி இருக்கிறது. கறிபாப் பலகாரம் செய்யலாம் என்று கோதுமை மாவு வாங்கிவிட்டேன். உள்ளே வைக்கிற கறி கைவந்துவிட்டது. ஓரத்தை மடித்து மடித்துப் பின்னுகிற வேலைதான் இந்தத் தடித்த விரலுக்கு வரமாட்டேன் என்கிறது. நேற்று வெறும் மாவில் பதினோரு தடவை மடித்துப் பார்த்தேன், ஒன்றுகூட மூடவில்லை.