பாதி காதில் விழுந்த பாட்டு

ஆடி மாதம் மேற்கே இருக்கும் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் பாட்டு வரும். முழுசாக வராது. ஆடிக்காற்று ஒரு வரியைக் கொண்டுவந்து போடும், அடுத்த வரியை எங்கேயோ வாய்க்காலில் விட்டுவிடும், மூன்றாவது வரியின் கடைசிச் சொல்லை மட்டும் திரும்பக் கொண்டுவரும். இரண்டு ஊருக்கும் நடுவில் வயல்தான். எட்டு வயதுப் பையனுக்கு வேறு வேலை கிடையாது. காணாமல் போன வரியை நானே போட்டுக்கொள்வேன். வார்த்தை இருக்காது, 'னன்னானே'தான். மெட்டு மட்டும் என்னுடையது.

அதே பாட்டைப் பிறகு மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலம் கடைத்தெரு டீக்கடையில் முழுசாகக் கேட்கும்போது ஏமாற்றமாக இருக்கும். நான் போட்ட வரி அங்கே இருக்காது. அந்த இடத்தில் இசையமைப்பாளர் வேறு எதையோ வைத்திருப்பார். அது பெரும்பாலும் என்னுடையதைவிட நன்றாகவே இருக்கும், அது வேறு விஷயம்.

இப்போது நானே பாட்டுகளுக்கு மெட்டுப் போடுகிறேன். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொன்னால் விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசைகூட எனக்குத் தெரியாது. ஸ்வரம் எழுதவும் வராது, எழுதியிருந்தால் தட்டுத்தடுமாறிப் படிப்பேன். நான் உட்கார்ந்து கற்றுக்கொண்ட ஒரே இடம் ஒரு ரேடியோ செட் கடை. மைக் செட் என்று பலகையில் எழுதியிருக்கும், ஊரில் ரேடியோ செட் என்றுதான் சொல்வார்கள். 1993-ல், பதினாலு வயதில், பள்ளிக்கூட விடுமுறைக்கு எடுபிடியாகப் போனேன். விடுமுறை முடிந்தும் சாயந்திரங்களில் போய்க்கொண்டே இருந்தேன்.

முதல் வேலை தென்னைமரம் ஏறிக் குழாய், அதாவது கூம்பு ஒலிபெருக்கி, கட்டுவது. கீழே நின்று முதலாளி கத்துவார்: "காத்துக்கு எதிரா திருப்பாதடா, பாட்டு வானத்துக்குப் போயிடும்." மத்தியானத்தில் எவ்வளவு சத்தம் வைத்தாலும் அடுத்த தெருவைத் தாண்டாது, விடியற்காலையில் பாதிச் சத்தம் வைத்தால் மூன்று ஊருக்குக் கேட்கும் என்பார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. பல வருஷம் கழித்துத்தான் காரணம் தெரிந்துகொண்டேன். வெயிலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருக்கும், ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும். இரவிலும் விடியலிலும் தரையோரக் காற்று குளிர்ந்து மேலே உள்ளது சூடாக இருப்பதால் ஒலி கீழ்நோக்கி வளைந்து வயலை ஒட்டியே ஓடும். காற்று அடிக்கும் திசையில் கீழே வளையும், எதிர்த்திசையில் மேலே போகும். 'வானத்துக்குப் போயிடும்' என்று அவர் சொன்னது உண்மையிலேயே வானத்துக்குத்தான்.

அடுத்த பாடம் தெருவில் கிடைத்தது. திருவிழாவுக்குக் கோயில் வாசலில் ஒரு குழாய், கடைசித் தெருவில் ஒரு குழாய் கட்டுவோம். நடுவில் நின்றால் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். ஒரு பக்கம் நகர்ந்தால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை விழும். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆக 85 மீட்டர் அதிகமாக நடந்துவரும் சத்தம் கால் விநாடி தாமதமாக வரும். இன்று கம்ப்யூட்டரில் 'டிலே' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை முதல்முறை திறந்தபோது எவ்வளவு வைப்பது என்று நான் குழம்பவே இல்லை. கால் விநாடி. கோயில் வாசலிலிருந்து கடைசித் தெரு.

குழாய் ஒரு தப்பான பாடத்தையும் சொல்லிக்கொடுத்தது. அந்தப் புனலில் அடித்தொனி வராது, குரலும் குழலும் தாளத்தின் நுனியும்தான் வரும். இளையராஜாவின் பாட்டுகளைப் பத்து வருஷம் குழாயிலேயே கேட்டு வளர்ந்தவன் நான். ஒருநாள் கும்பகோணத்திலிருந்து ஒரு பழைய வாக்மேனும் ஹெட்போனும் வாங்கிவந்து, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டேன். அடியில் யாரோ ஒருவர் தனியாக வேறொரு பாட்டு பாடிக்கொண்டிருந்தார். பேஸ் கிடார். இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, கடையில் இருந்த கேசட்டுகளை எல்லாம் ஒன்றொன்றாகப் போட்டு அடியில் இருப்பவரைத் தேடிக்கொண்டிருந்தேன். இப்போதும் ஒரு மெட்டுக்கு நான் முதலில் போடுவது தாளமோ, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டமான கார்டோ இல்லை, அந்த அடிக்குரல். ஆனால் பாட்டின் உயிர் அதில் இருக்காத மாதிரி பார்த்துக்கொள்வேன். குழாயில் போட்டால் அது காணாமல் போகும் அல்லவா.

முதலாளியிடம் பழைய இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அதில் நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம் இருந்தது. அந்த ஊர் எங்களுக்கு சைக்கிள் மிதிக்கும் தூரம். பிள்ளை 1956-லேயே காலமாகிவிட்டார், ஆனால் அவர் ஏதோ போன வாரம் வாசித்துவிட்டுப் போன மாதிரித்தான் ஊர்ப் பெரியவர்கள் பேசுவார்கள். அதற்குப் பக்கத்திலேயே நரசிங்கம்பேட்டை. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தூணையும் உத்திரத்தையும் வாங்கிக் கடைந்து அங்கே நாதஸ்வரம் செய்வார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திமிரி என்கிற குட்டையான, கீச்சென்ற சுருதி உள்ள வாத்தியம்தான் முன்பு புழக்கத்தில் இருந்தது. நீளமான, சுருதி தாழ்ந்த பாரியைப் பிடித்து நிறுத்தியவர் பிள்ளை. பாரியில் சுத்த மத்திமம் என்கிற தாழ்ந்த 'ம' ஸ்வரம் சரியாகப் பேசும்படி 1955-ல் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. மைக் வந்ததால்தான் சுருதி இறங்க முடிந்தது என்பது என் சொந்த ஊகம். நாலு தெரு கேட்க வேண்டிய பொறுப்பு வாத்தியத்தின் தலையிலிருந்து இறங்கி எங்களை மாதிரி ரேடியோ செட்டுக்காரன் தலையில் ஏறிவிட்டது.

அந்தத் தோடியை கேசியோ கீபோர்டில் வாசித்துவிட வேண்டும் என்று ஒரு கோடை முழுக்கப் பாடுபட்டேன். வராது. தோடியின் காந்தாரம், அதாவது 'க' ஸ்வரம், ஓர் இடத்தில் நிற்காது, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அது ஆணி அடித்த மாதிரி நிற்கும். பக்கத்தில் இருக்கும் சக்கரத்தைத் திருகிச் சுருதியை வளைத்துப் பார்த்தேன். ஆடியது, ஆனால் குடித்துவிட்டு ஆடிய மாதிரி. அன்றோடு ஒரு முடிவுக்கு வந்தேன். கீபோர்டுக்கு மெட்டு வேண்டாம். அது சுருதி பிடிக்கட்டும், பின்னால் நிற்கட்டும். மெட்டு குரலிலோ புல்லாங்குழலிலோதான். என் புல்லாங்குழல் மயிலாடுதுறைக் கடைமுகத் திருவிழாவில் வாங்கியது, எந்தச் சுருதிக்கும் சரியாகச் சேராது. கம்ப்யூட்டரில் இருக்கும் வாத்தியங்களை எல்லாம் இறக்கி அந்த மூங்கிலோடு சேர்த்துவிடுகிறேன். சென்னையிலிருந்து ஒரு நண்பர் கேட்டுவிட்டு, எல்லாம் கொஞ்சம் கீழே இருக்கிறதே என்றார். ஆமாம், எல்லாமும் சேர்ந்து கீழே இருக்கிறது என்றேன்.

செட் தொழில் இப்போது பழையபடி இல்லை. கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை மூடிய அரங்குகளுக்கு வெளியே ஒலிபெருக்கி பொதுவாகக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை வீட்டிலேயே இருப்பதால் எனக்கு அதில் மனத்தாங்கல் கிடையாது. பாக்ஸ் ஸ்பீக்கர் வைத்துக் கல்யாணங்களுக்குப் போகிறேன். மிச்ச வருமானம் ஆட்டோ விளம்பரம் பதிவு செய்வதில். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, காது குத்து, கண்ணீர் அஞ்சலி. ஒரே குரலில் தள்ளுபடிக்குச் சிரித்துவிட்டு அஞ்சலிக்குத் தழுதழுப்பது தனிக் கலை. அதையும் நான்தான் செய்கிறேன்.

என் சொந்தப் பாட்டுகளுக்கு ஸ்டுடியோ என்பது கொல்லைப்பக்கத்து அறை. நெல் போடும் அறை. தை, மாசியில் சம்பா அறுத்து மூட்டைகளை அடுக்கியிருக்கும்போது அந்த அறை மாதிரி ஒரு பதிவுக்கூடம் இந்த ஜில்லாவில் கிடையாது. சாக்கும் நெல்லும் எதிரொலியைக் குடித்துவிடும். குரல் அப்படியே காய்ந்து, கிட்டத்தில் நின்று பேசுவது போல விழும். மூட்டைகள் கொள்முதல் நிலையத்துக்குப் போனதும் அறை வெறிச்சோடி, கோயில் பிராகாரம் மாதிரி முழங்கும். அதனால் தையில் பதிவு செய்த பாட்டுகள் அந்தரங்கமாகவும் வைகாசியில் பதிவு செய்தவை கொஞ்சம் பக்தியாகவும் இருக்கின்றன. இதை ஒரு கொள்கை என்று நினைத்து ஒருவர் என்னைப் பாராட்டினார். நெல் விற்றுப்போன விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. ஐப்பசியில் பதிவே கிடையாது, தவளைகள். ஒரே ஒரு பாட்டில் அவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஒரு பாட்டுக்குத் தவில் வேண்டியிருந்தது. திருவிழாக்களில் பழக்கமான ஒரு வித்வானைக் கூப்பிட்டேன். வந்தார், வலக்கை விரல்களில் கூட்டை மாட்டினார், இடக்கையில் கழியை எடுத்தார், ஹெட்போனையும் போட்டுக்கொண்டார். காலப்பிரமாணம், அதாவது வேகம், தப்பாமல் இருக்க 'டிக் டிக்' என்று ஓடவிட்டிருந்தேன். அரை நிமிஷத்தில் கழற்றிவிட்டார்.

"என்ன தம்பி, காதுக்குள்ள எவனோ தச்சு வேலை பண்றான்?"

"தாளத்துக்குண்ணே. கம்ப்யூட்டரு அதோட சேர்ந்துதான் ஓடும்."

"அது ஓடட்டும். நா எதுக்கு அதோட ஓடணும்? அது என்னோட ஓடாதா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த டிக் டிக்கை எடுத்துவிட்டு, நான் பாடப்பாட எனக்கு எதிரே உட்காரவைத்து அடிக்கச் சொன்னேன். சாமி புறப்பாட்டில் வாசல் தாண்டும்போது நடை இறுகுவது போல, சரணத்துக்குப் போகையில் அவர் கை ஒரு மயிரிழை முன்னால் போனது. திரும்பப் பல்லவிக்கு வரும்போது உட்கார்ந்தது. அவர் போன பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் தாளத்தைக் காட்டும் கட்டங்களை ஒவ்வொரு தாளச் சுற்றாக இழுத்து அவர் கைக்குப் பின்னால் கட்டினேன். இப்போது எல்லாவற்றையும் அப்படித்தான் செய்கிறேன். முதலில் மனிதன் வாசிக்கட்டும், கட்டம் பிறகு.

மெட்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பைக்கில். கல்யாணம் முடிந்து பாக்ஸ் இறக்கிவிட்டு ஆற்றங்கரையோடு வரும்போது. நிறுத்திப் போனில் பாடி வைத்துக்கொள்வேன். பிறகு பத்து நாள் அதைக் கேட்க மாட்டேன். பத்தாம் நாள் ஞாபகத்திலிருந்து பாடிப் பார்ப்பேன். சில இடம் மறந்திருக்கும். மறந்த இடத்தில் வேறு எதையாவது போடுவேன். அப்புறம்தான் போனைத் திறந்து பார்ப்பது. பாதிக்கு மேல் புதிதாகப் போட்டதுதான் நிற்கிறது. திண்ணைப் பழக்கம்.

கடைசியாக ஒரு சோதனை. செட் கடையை மூடியபோது முதலாளி ஒரு குழாயை எனக்குக் கொடுத்துவிட்டார். அதை எங்கள் மோட்டார் கொட்டகையில் வைத்திருக்கிறேன். பாட்டு முடிந்ததும் அதை ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, வயலுக்கு மட்டும் கேட்கிற அளவுக்குச் சின்னதாக வைத்து, சாயந்திரம் ஓடவிட்டு வரப்பில் நடப்பேன். கொட்டகையில் மனைவி உட்கார்ந்திருப்பார், முடிந்தால் திரும்பப் போட. நடக்க நடக்க அடிக்குரல் முதலில் போகும், அப்புறம் கீபோர்டு, அப்புறம் வார்த்தை. மேற்கு வாய்க்காலைத் தாண்டி ஒத்தைப் பனைமரத்துக்கிட்ட என்ன மிச்சம் இருக்கிறது என்று நின்று கேட்பேன். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் திரும்பப் போய் மெட்டை மாற்ற வேண்டும்.

போன மாதம் அப்படி நின்றுகொண்டிருந்தேன். காற்று நன்றாக இருந்தது. ஒரு வரி வரும், ஒரு வரி போகும். சரணம் நன்றாகவே வந்திருக்கிறது என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பையில் போன் அடித்தது.

"என்னங்க, கரண்டு போயி அஞ்சு நிமிஷம் ஆயிட்டு. அங்க நின்னு என்ன கேட்டுக்கிட்டிருக்கீங்க?"