காட்டுக்குள் மறைந்த கல்சுவர்கள்: பிரியோராத்தில் நான்கு நாள்

லா மொரேரா கிராமத்திலிருந்து எஸ்கலாதேய் மடாலயத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் அரை மணி நேரம் நடந்திருப்பேன். இரண்டு பக்கமும் பைன் காடு. கொஞ்சம் இளைப்பாறலாம் என்று உட்கார்ந்து முதுகைச் சாய்த்த பிறகுதான் கவனித்தேன், நான் சாய்ந்திருந்தது பாறை இல்லை, சுவர். காறை எதுவும் பூசாமல் கல்மேல் கல் அடுக்கி இடுப்புயரத்துக்குக் கட்டியது. அதற்கு மேலே சில அடி தள்ளி இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று, சரிவு முழுக்கப் படிப்படியாக ஏறிக்கொண்டே போனது. படிகளில் எல்லாம் மரங்கள் முளைத்து வளர்ந்து நிற்கின்றன. நான் காடு என்று நினைத்து நடந்து வந்தது ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டம்.

பிரியோராத் என்றால் ஒயின் குடிப்பவர்களுக்கு உடனே தெரியும். ஸ்பெயினின் வடகிழக்கில், கத்தலோனியாவில், தர்ரகோனா மாகாணத்து மலைகளுக்குள் இருக்கும் சின்னப் பகுதி. ஸ்பெயினின் ஒயின் பகுதிகளில் மிக உயர்ந்த தரநிலை இதுவரை இரண்டுக்குத்தான் கிடைத்திருக்கிறது, ஒன்று ரியோஹா, மற்றது இது. அதனால் வருகிறவர்களில் பலர் காரில் வந்து, இரண்டு மூன்று ஒயின் ஆலைகளில் ருசி பார்த்துவிட்டு, சாயங்காலம் பார்சிலோனாவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கிராமத்துக்குக் கிராமம் நடந்து பார்த்தால்தான் இந்த ஊரின் கதை பிடிபடும்.

கதை அந்த மடாலயத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1194இல் கார்த்தூசியன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் வந்து நிறுவியது, ஐபீரியத் தீபகற்பத்தில் அந்தச் சபையின் முதல் மடம். பைன் மர உச்சியிலிருந்து வானத்துக்கு ஒரு ஏணி போவதையும் அதில் தேவதைகள் ஏறி இறங்குவதையும் ஒரு மேய்ப்பன் பார்த்தானாம், அதனால் இடத்துக்கு ஸ்கலா தேய், கடவுளின் ஏணி என்று பெயர். சுற்றியிருந்த கிராமங்கள் மடத்துத் தலைவரான பிரியோருக்குக் கட்டுப்பட்டவை, வரி அவருக்குத்தான் போகும். பிரியோராத் என்ற பெயரே அப்படி வந்ததுதான். 1835இல் ஸ்பெயின் அரசு மடங்களின் சொத்துக்களைக் கையகப்படுத்தியபோது துறவிகள் வெளியேற, பல நூறு வருட வரிக் கோபத்தோடு மக்கள் உள்ளே புகுந்து சூறையாடினார்கள். இன்று நிற்பது பெரும்பாலும் இடிபாடு. சைப்ரஸ் மரங்கள், பாதி வளைவுகள், பின்னால் மொன்சான்ட் மலையின் செங்குத்துச் சுவர். ஒரே ஒரு துறவி அறையை மட்டும் பழையபடி திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். படுக்கை, பிரார்த்தனை மூலை, ஒரு குட்டித் தோட்டம், அப்புறம் சுவரில் வளைந்து போகும் ஒரு பொந்து. சாப்பாடு அதன் வழியாகத்தான் வரும், கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. அந்தப் பொந்துக்கு முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றிருந்தேன். அவ்வளவு மௌனத்துக்குள் இருந்தவர்கள்தான் இந்தச் சரிவுகளில் ஒயின் தொழிலை வேரூன்ற வைத்தவர்கள்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மண் என்று சொல்வதே தப்பு, அது கல். சின்ன வயதில் எழுதிப் பழகிய சிலேட்டை நூறு துண்டாக உடைத்துக் கொட்டினால் எப்படி இருக்கும், தரை அப்படித்தான் இருக்கிறது. கறுப்பும் பழுப்புமாக, அபிரகம் கலந்து வெயிலில் மினுக்கும். லிகொரெய்யா என்கிறார்கள். காலடியில் சலசலவென்று நொறுங்கும் அந்தச் சத்தம் நான்கு நாளும் கூடவே வந்தது. இந்தக் கல்லில் தண்ணீர் நிற்காது. கொடி தண்ணீரைத் தேடிக் கல் இடுக்குகளுக்குள் வேரை மீட்டர் கணக்கில் இறக்கியாக வேண்டும். கர்னாச்சா, கரின்யேனா என்ற திராட்சை வகைகளின் பழைய கொடிகள் சிலவற்றில் ஒரு கொடிக்கு ஒரு கிலோ பழம்கூடத் தேறாது. அந்தக் கொஞ்சத்தில்தான் அவ்வளவு அடர்த்தி. சரிவு மிகவும் செங்குத்தான இடங்களில் டிராக்டர் ஏறாது, இன்றும் கோவேறு கழுதையை வைத்து உழுகிறவர்கள் உண்டு.

சரி, அந்தச் சுவர்களுக்கு வருகிறேன். 1893 வாக்கில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி இங்கே வந்து சேர்ந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சின்னது, வேரைத் தின்று கொடியைக் கொல்லும். அதற்கு முன் சுமார் 5,000 ஹெக்டேரில் கொடி இருந்த பகுதி இது. 1979இல் மிஞ்சியது சுமார் 600. நடுவில் இருப்பது முழுக்க ஊரைவிட்டுப் போனவர்களின் கதை. ஆள் போனதும் பைன் வந்துவிட்டது. அந்தச் சுவரில் சாய்ந்த நாளிலிருந்து நான் நடந்த ஒவ்வொரு பாதையிலும் என் கண் தானாகவே அந்தச் சுவர்களைத் தேட ஆரம்பித்தது. ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எங்கு பார்த்தாலும் அவைதான்.

இரண்டாம் நாள் மொன்சான்ட் மேலே ஏறினேன். லா மொரேரா கிராமத்துக்கு நேர் பின்னாலேயே பாறைச் சுவர் எழும்புகிறது, கூழாங்கற்களைச் சிமெண்டில் பதித்து வைத்தது போன்ற பாறை. அதன் பிளவுகள் வழியே மேலே போகும் பாதைகளுக்கு கிராவ் என்று பெயர். நான் ஏறியது கிராவ் தெல்ஸ் பரோத்ஸ், பாறையில் அடித்த இரும்புப் பிடிகளைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டிய இடம் உண்டு. உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்கள் வேறு கிராவில் போங்கள், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. மேலே போனால் தட்டையான நீண்ட முகடு, ரோஸ்மேரி வாசனை, தெற்கே அடுக்கடுக்காகக் குன்றுகள், அதற்கும் அப்பால் கோடு போலக் கடல். அங்கே நின்று பார்த்தால் மடாலயம் தீப்பெட்டி அளவு. ஒரே ஒரு எச்சரிக்கை: முகட்டில் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். ஒன்றரை லிட்டர் போதும் என்று போய் இறங்குவதற்குள் நாக்கு வறண்டுவிட்டது எனக்கு, அதுவும் அக்டோபர் மாதம்.

சியுரானாவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். சுண்ணாம்புப் பாறையின் நுனியில் உட்கார்ந்திருக்கும் சில பத்து வீடுகள். கத்தலோனியாவில் மூர்களின், அதாவது அங்கே ஆண்ட முஸ்லிம்களின், கடைசிக் கோட்டை, 12ஆம் நூற்றாண்டின் நடுவில் வீழ்ந்தது. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று மூர் அரசி குதிரையோடு பள்ளத்தில் பாய்ந்ததாகவும், கடைசி நொடியில் குதிரை தயங்கிக் காலை ஊன்றிய தடம் பாறையில் பதிந்ததாகவும் சொல்கிறார்கள், அந்தத் தடத்தையும் காட்டுகிறார்கள். விளிம்பில் ஒரு பழைய ரோமனெஸ்க் தேவாலயம், கீழே நீர்த்தேக்கம். வார இறுதியில் கூட்டம் அதிகம், உலகம் முழுக்கப் பாறை ஏறுகிறவர்கள் வருகிற இடம். நான் காலை எட்டு மணிக்கே போய்விட்டேன், தெருவில் என்னையும் ஒரு பூனையையும் தவிர யாரும் இல்லை.

லா வில்லெய்யா பைஷா ஒரு மதியம்தான் பார்த்தேன். ஓடைக்கரையிலிருந்து ஏழெட்டு மாடி உயரத்துக்கு வீடுகள் எழும்பி நிற்பதால் பிரியோராத்தின் நியூயார்க் என்று செல்லப்பெயர். பொரெராவில் வீட்டுச் சுவர்களில் வரைந்த சூரியக் கடிகாரங்களைத் தேடித் தேடிப் பார்க்கலாம். ஃபால்செட்டில் கூட்டுறவு ஒயின் ஆலை, கட்டடக் கலைஞர் செசார் மார்த்தினெல் கட்டியது, உள்ளே போனால் தேவாலயத்துக்குள் நுழைந்தது போலத்தான் இருக்கும். பார்சிலோனாவிலிருந்து மர்சா-ஃபால்செட் நிலையம் வரை ரயில் உண்டு. அங்கிருந்து கிராமங்களுக்குப் பேருந்து குறைவு என்பதால் நான் கார் எடுத்துக்கொண்டேன், ஆனால் பெரும்பாலும் அது விடுதி வாசலில்தான் நின்றது. ஜிஆர் 174 என்ற நீண்ட நடைபாதை பிரியோராத்தைச் சுற்றி வருகிறது, வெள்ளை சிவப்புக் கோடுகளைப் பின்தொடர்ந்தால் போதும்.

கடைசி நாள் கிரதல்யோப்ஸ் கிராமம். 1980களில் ரெனே பார்பியே, ஆல்வாரோ பலாசியோஸ் போன்ற சிலர் இங்கே வந்து, கைவிட்ட சரிவுகளில் மறுபடி ஒயின் செய்யத் தொடங்கினார்கள், 1989 அறுவடையில் சேர்ந்தே செய்த ஒயின்தான் உலகத்தின் கண்ணை இந்தப் பக்கம் திருப்பியது. ஊருக்கு வெளியே நடந்தபோது ஒரு பெரியவர் சரிந்த சுவரை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில், காறை பூசினால் உறுதியாக இருக்காதா என்று கேட்டேன். மழைத் தண்ணீர் சுவருக்குள் வழி தேடி வெளியேற வேண்டும், அடைத்தால் மண் உப்பிச் சுவரையே தள்ளிவிடும் என்றார். இந்தக் கல் அடுக்கும் கலையை 2018இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது என்று படித்திருந்தேன், அதைச் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு ஒரு கல்லை என் கையில் கொடுத்து வைக்கச் சொன்னார். பார்க்க அழகாக இருக்கும் என்று நீளமான பக்கத்தை வெளியே காட்டி வைத்தேன். அவர் அதை மெல்ல எடுத்து, திருப்பி, நீளத்தை மண்ணுக்குள் போகும்படி வைத்து, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.