தலவாக்கலை, ஜூலை

ஜூலை 3
அம்மாவின் இரத்தம் கண்டிக்குப் போய் இன்றோடு நாலு நாள். ரிப்போர்ட் வரவில்லை. மழை.

ஜூலை 4
பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து கொண்டு வந்த நோட்டுகளைப் பிரிக்கவே மனம் வரவில்லை. எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் சேம்பு இலையில் ஒரு துளி உருண்டுகொண்டு கிடந்தது. பிவிசி குழாய்த் துண்டை அம்மாவின் கம்பளிச் சுவெட்டரில் தேய்த்துப் பக்கத்தில் பிடித்தேன். துளி அசையவில்லை. இந்த ஈரக் காற்றில் குழாயில் மின்னூட்டம் தங்காது.

ஜூலை 5
குழாயையும் சுவெட்டரையும் அடுப்புக்கு மேலே காய வைத்தேன். “சுவெட்டரக் கருக்கிறாத” என்று அம்மா படுத்தபடியே சொன்னார். இலையை வீட்டுக்குள் கொண்டு வந்து, கதவைச் சாத்தி, மறுபடி தேய்த்தேன்.

வந்தது! குழாய் போன பக்கமெல்லாம் துளியும் வந்தது, தொடாமலே. கம்பளியில் தேய்த்த குழாயில் எதிர்மின்னூட்டம். அது பக்கத்தில் வந்ததும் துளியின் இந்தப் பக்கம் நேர்மின்னூட்டமாகிறது, இழுபடுகிறது. சேம்பு இலை நீரைப் பிடித்து வைப்பதில்லை, அதனால்தான் இவ்வளவு சின்ன இழுப்பே போதும்.

அம்மா எழுந்து உட்கார்ந்து, குழாயை வாங்கித் தானும் இழுத்துப் பார்த்தார். “தேயிலையும் இப்படித் தண்ணிய உருட்டி விட்டா நல்லாருக்கும். ஈரக் கொழுந்துன்னு தராசுல கழிக்க மாட்டாங்க.” ஒரு வாரமாக அவர் இவ்வளவு பேசியதில்லை.

ஜூலை 6
கண்டிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். நாளைக்குக் கேட்கச் சொன்னார்கள்.

ஜூலை 8
தூக்கமில்லை. நோட்டைப் பிரித்தேன்.

மின்னழுத்தம் கொடுத்தால் பாதரசத்தின் பரப்பு இழுவிசை (துளியை உருண்டையாகப் பிடித்து வைக்கும் விசை) மாறும் என்று 1875இல் லிப்மன் என்ற இயற்பியலாளர் காட்டினார். ஆனால் மின்சாரம் கொடுக்கும் மின்வாயைத் தண்ணீர் நேரடியாகத் தொட்டால், கொஞ்சம் மின்னழுத்தம் கூடியதுமே தண்ணீர் பிரிந்து குமிழி கிளம்பிவிடும். 1993இல் பெர்ஜ் என்ற இன்னொரு இயற்பியலாளர் நடுவில் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை வைத்தார். அப்புறம்தான் வழி திறந்தது. படலத்தின் மேல் உருண்டையாக நிற்கும் துளி, கீழே மின்னழுத்தம் வந்ததும் தட்டையாகிப் பரவும். இந்த விளைவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது, அதனால் நேரா எதிரா என்பது முக்கியமில்லை. தட்டில் சதுரம் சதுரமாக மின்வாய்கள் பதித்து ஒவ்வொன்றாக உயிரூட்டினால் துளி அடுத்த கட்டத்துக்கு நகரும். இரண்டாகப் பிரிக்கலாம், சோதனை மருந்துத் துளியோடு சேர்க்கலாம். பம்பும் வேண்டாம், குழாயும் வேண்டாம்.

2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளியில் இருப்பது சுமார் 4 மைக்ரோலீட்டர். விரல் நுனியில் ஒரு குத்து போதும். அப்படி ஒரு தட்டு நம் தோட்ட டிஸ்பென்சரி மேசையில் இருந்திருந்தால்?

ஆனால் இரத்தம் தண்ணீர் இல்லை. அதிலுள்ள புரதம் பரப்பில் ஒட்டிக்கொள்ளும், துளி இருந்த இடத்திலேயே சிக்கிவிடும். துளியைச் சுற்றி எண்ணெய் நிரப்பிப் பார்க்கிறார்கள். ஒட்டாமல் இருக்க வேறு என்ன செய்யலாம்? விடியும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா இருமிக்கொண்டே இருந்தார்.

ஜூலை 9
மெழுகுவர்த்திக் கரி பிடித்த கண்ணாடியில் துளி சேம்பு இலையை விட நன்றாக ஓடுகிறது. ஆனால் போகிற வழியெல்லாம் கரியை அள்ளிக்கொண்டு போகிறது. நாலு தடவையில் கண்ணாடி வெளுத்துவிட்டது.

அம்மா கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார்.

ஜூலை 10
இருமல். மழை. இருமல்.

ஜூலை 11
இரத்தம் உறைந்து போயிற்றாம். திரும்ப எடுக்க வேண்டுமாம். எட்டு நாளாக நான் கேட்கும்போதெல்லாம் “நாளைக்கு, நாளைக்கு” என்றவர்கள், இன்றைக்குத்தான் இதைச் சொல்கிறார்கள். போனை வைத்த பிறகும் கை நடுங்கியது. அம்மாவின் கையில் போன தடவை குத்திய இடம் இன்னும் நீலமாகவே இருக்கிறது. சொன்னபோது அவர் எதுவும் பேசவில்லை, மற்றக் கையை நீட்டிக் காட்டினார்.

ஒரு துளி போதும். ஒரே ஒரு துளி.

ஜூலை 12
விடியற்காலை பஸ்ஸில் கண்டிக்குப் போகிறோம். சுவெட்டர் அம்மாவுக்கு வேண்டும். குழாய் அடுப்புக்கு மேலேயே இருக்கட்டும்.