வெளுத்த வானத்துக்கு ஒரு கோடு

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் நான் எடுக்கும் படங்களில் பாதிக்கு மேல் வெளுத்த வானம்தான். பிரிண்ட் போட்டால் வானம் எங்கே முடிகிறது, காகிதம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. அதனால் சுற்றிலும் மெல்லிய கோடு. கறுப்பு வேண்டாம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி ஆகிவிடும். அடர் சாம்பல் போதும்.

4x6 அங்குலத்துக்கு, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), 1800x1200 பிக்சல். கோடு 3 பிக்சல். கால் மில்லிமீட்டர்தான் வரும். ஆனால் அதை ஓரத்திலேயே போடாதீர்கள். காகிதம் முழுக்க நிரப்ப பிரிண்ட் போடும் லேப் மெஷின் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கும், ஓரம் வெட்டுப்படும். ஒரு பக்கம் கோடு இருக்கும், எதிர்ப்பக்கம் இருக்காது. நாலு பக்கமும் 60 பிக்சலாவது வெள்ளை விட்டு உள்ளே போடுங்கள்.

காகிதம் 3:2, போன் படம் 4:3 என்பதால் இடவலத்தில் வெள்ளை இன்னும் கூடும். "பேப்பர் வேஸ்ட்டு தம்பி" என்பார் பிரிண்ட் போட்டுத் தரும் ராயபுரம் கடைக்கார அண்ணன். போகட்டும், படகின் அணியம் (முன்முனை) வெட்டுப்படாமல் வருகிறதே!